அடிக்கு மூணரை மில்லி

கோபிசெட்டிபாளையத்துக்கு ரயில் கிடையாது. ஈரோட்டிலிருந்து கோபி, சத்தியமங்கலம் வழியாகச் சாம்ராஜ் நகருக்குப் பாதை போடவேண்டும் என்ற கோரிக்கை தலைமுறை தாண்டியும் கோரிக்கையாகவே இருக்கிறது. குறுக்கே நிற்பது 2013-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் காடு. இப்படிப்பட்ட ஊரில், கச்சேரிமேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீட்டின் பின்கட்டில், ரயில் நிலையங்கள் கட்டுகிறார்கள். சிக்னல் கேபின், கூட்ஸ் ஷெட், கேட்கீப்பர் குடியிருப்பு என்று எல்லாமே உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கிற அளவு.

வேலை செய்பவர்கள் இருவர். மூத்தவர் அறுபதைக் கடந்த ஆசாரி. கோபியைச் சுற்றிப் படப்பிடிப்புகள் ஓயாமல் நடந்த காலத்தில் சினிமா செட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். இளையவர் அவருடைய அக்கா மகன்.

“செட்டுல கேமரா பாக்கற பக்கம் மட்டும் சுவர் நின்னாப் போதுமுங்க. இதை மேல இருந்து குனிஞ்சு பாக்கறாங்க. அப்ப கூரைதானுங்க முகம்” என்றார் ஆசாரி. மாதிரி ரயில் அமைப்பவர்களின் மேசைக்கு முன்னால் நின்று பார்த்தால் இது எவ்வளவு சரி என்று தெரியும். வாசலும் ஜன்னலும் பிறகுதான் கண்ணில் படும்.

உலகெங்கும் அதிகம் புழங்கும் மாதிரி ரயில் அளவு ஹெச்.ஓ.; அசலில் 87-இல் ஒரு பங்கு. பட்டறையில் அந்தக் கணக்கைச் சொல்வதில்லை. “அடிக்கு மூணரை மில்லி” என்பதுதான் பேச்சு. ஏழடிக் கதவு 24.5 மில்லிமீட்டர். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஐந்தரை அடி ஸ்டேஷன் மாஸ்டர் இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்கமாட்டார்.

இவர்களின் திறமை முழுவதும் தெரிவது ஓட்டில்தான். 1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. பின்னாளில் தென்னிந்திய ரயில் கட்டடங்கள் பலவற்றின் தலையில் அந்த ஓடுதான் ஏறியது. கூரையில் கண்ணுக்குத் தெரியும் ஓர் ஓட்டின் அகலம், இந்த அளவில் இரண்டரை மில்லிமீட்டர். ஒவ்வொன்றாக ஒட்ட முடியாது. கெட்டித் தாளை நீள நாடாவாக நறுக்கி, ஒரு விளிம்பில் சீப்புப் பல் போல வெட்டி, இறவானத்திலிருந்து முகடு வரை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டுகிறார்கள். அடுத்த வரிசை அரைப் பல் தள்ளி உட்காரவேண்டும். லேசரில் கோடு கீறிய கூரையும் பட்டறையில் உண்டு, விலையும் குறைவு. ஆனால் நிழல் விழுவது கையால் அடுக்கிய கூரையில்தான். காசு போனாலும் நான் அதைத்தான் வாங்குவேன்.

ஜெர்மனியின் கறுப்புக்காட்டில், கூட்டன்பாக் என்ற ஊரில், ஃபாலர் சகோதரர்கள் 1946-இல் தொடங்கிய நிறுவனம் இன்றும் மாதிரிக் கட்டடப் பெட்டிகளை உலகுக்கு விற்கிறது. செய்நேர்த்தி அபாரம். ஆனால் பனி வழுக்கி விழச் செங்குத்தாகச் சரிந்த கூரை, புகைபோக்கி, மலைக்கிராமத்து மரவேலைப்பாடு! அதற்கு முன்னால் இந்திய ரயில்வேயின் எஞ்சினை நிறுத்தினால் வண்டி வேறு நாட்டுக்கு வந்துவிட்டது போலாகிறது. வண்டி எந்த ஊருக்கு வந்திருக்கிறது என்பதை எஞ்சின் சொல்லாது, கட்டடம்தான் சொல்லும். கோவை, பெங்களூரு ஆர்வலர்கள் இந்தப் பட்டறையைத் தேடி வருவது அதற்காகத்தான்.

தண்டவாளத்திலும் இதே தொல்லை. கடைகளில் கிடைக்கும் ஹெச்.ஓ. பாதையின் அகலம் 16.5 மி.மீ.; ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைகளுக்குச் சரி. நம்முடைய 1676 மி.மீ. அகலப்பாதையை 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ. தாண்டும். வித்தியாசத்தைப் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்கிறார்கள். ஊட்டி மலை ரயில் மீட்டர்கேஜ் என்பதால் அந்தச் சிக்கல் கிட்டத்தட்ட இல்லை, 12 மி.மீ. பாதை பொருந்திவிடுகிறது. 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான அந்தப் பாதையின் ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிப்பார்கள். அந்த நீரேற்றுக் குழாயைப் பித்தளைக் கம்பியில் வளைத்துக்கொண்டிருந்தார் இளையவர்.

லேசர் வெட்டுக்கான வரைபடம், பெட்டிக்குள் வைக்கும் ஒட்டுமுறைத் தாள் எல்லாம் அவர் பொறுப்பு. எம்.டி.எஃப். பலகையை லேசர் வெட்டும்போது மயிரிழை அளவு எரிந்துபோகிறது. அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் மூலைப்பல் ஆடும். கருகிய விளிம்பை உப்புத்தாளால் தேய்க்கவேண்டும். பிறகு ஆசாரி சாயம் பூசுகிறார். வெள்ளைச் சுவரின் அடியில் சலித்த செம்மண் தூள், எஞ்சின் நிற்கிற பக்கத்துச் சுவரில் கரித்தூள். புதுச் சுவரை அவர் யாருக்கும் தருவதில்லை.

நான் கிளம்பும்போது பேச்சு கவுந்தப்பாடிப் பக்கத்து ஆலைக்கொட்டகைக்குப் போயிருந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே நாட்டுச்சர்க்கரை காய்ச்சுகிற கொட்டகை ஒன்று வேண்டும் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். ஆவி போக முகட்டில் எவ்வளவு இடைவெளி விடுவது என்பதில் தகராறு. அளவுப்படி மூன்று மில்லிமீட்டர் போதும் என்றார் இளையவர்.

“மூணு மில்லின்னா மேல இருந்து கொப்பரையே தெரியாது மாப்ள. அஞ்சு விடு.”

“அளவு தப்புங்க மாமா.”

வெட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று இரண்டு கூரைக்கும் தாள் எடுத்துவைத்தார்கள்.