ஆறும் அடுப்பும்

2025 செப்டெம்பர் 2ஆந் திகதி, இங்கிலாந்து - வேல்ஸ் பசுமைக் கட்சியின் தலைமைத் தேர்தல் முடிவு வெளியாயிற்று. சாக் பொலன்ஸ்கி 20,411 வாக்குகளைப் பெற்றார். கூட்டாகப் போட்டியிட்ட ஏட்றியன் றம்சே, எல்லி சௌன்ஸ் ஆகியோர் 3,705 வாக்குகளைப் பெற்றனர். அக்கட்சியில் எனக்கு வாக்குரிமை இல்லை. இருந்திருப்பின் பொலன்ஸ்கிக்கே அளித்திருப்பேன். அதற்கான காரணம் நம் ஆசிரிய, மாணவ நண்பர்களின் சிந்தனைக்கும் உரியது.

தோற்றவர்களைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. 2024ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அக்கட்சி வென்ற நான்கு பாராளுமன்ற ஆசனங்களுள் இரண்டு அவ்விருவருடையவை. கன்சர்வேற்றிவ் கட்சி வேரூன்றியிருந்த கிராமப்புறங்களில் ஈட்டியவை. பொலன்ஸ்கியோ அப்போது இலண்டன் அவை உறுப்பினராகவும் கட்சியின் துணைத் தலைவராகவும் மட்டுமே இருந்தார்.

எனினும், சூழற் சீர்கேட்டின் மூலகாரணம் யாது, அதன் சுமை யார் தோளில் விழுகின்றது என்ற வினாவே முதன்மையானது. 1989இல் அங்கு நீர் வழங்கல் தனியாரிடம் கையளிக்கப்பட்டது. 2025 மே மாதத்தில், தேம்ஸ் வோட்டர் கம்பனிக்கு ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை 12 கோடி 27 இலட்சம் பவுண் தண்டம் விதித்தது. கழிவுநீர் பற்றிய குற்றமும், பங்குலாபம் வழங்கியதில் நிகழ்ந்த விதிமீறலும் அதனுள் அடங்கின. ஆற்றைக் கெடுத்தவரும் நீர்க்கட்டணத்தில் இலாபம் எடுத்தவரும் ஒருவரே என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

பொலன்ஸ்கி இவ்விரண்டையும் பிரித்துப் பேசவில்லை. பெருஞ்செல்வர் மீதான சொத்துவரியையும் நீரின் பொதுவுடைமையையும் தம் பிரசாரத்தின் நடுவில் வைத்தார். ஒரு கோடி பவுணுக்கு மேற்பட்ட சொத்துக்கு ஆண்டுதோறும் நூற்றுக்கு ஒரு வீத வரி என்பது 2024ஆம் ஆண்டு விஞ்ஞாபனத்திலேயே இருந்தது. ஏட்டிற் கிடந்ததை மக்கள் மேடைக்குக் கொணர்ந்தமையே அவர் செய்த பணி.

தமிழாசிரியனாகிய எனக்கு இது புதுமையாகத் தோன்றவில்லை. தொல்காப்பியம் கருப்பொருள்களை எண்ணும்போது மரத்தையும் புள்ளையும் உணவையும் மனிதர் தொழிலையும் ஒரே வரிசையில் வைக்கின்றது. மரத்தை நேசித்து, அதன் நிழலிற் பசித்திருப்பவனை மறக்கும் இயக்கம், வசதி படைத்தோரின் பொழுதுபோக்காகவே முடியும்.

ஓர் அச்சமும் உண்டு. 2008 வரை அக்கட்சியில் தலைவர் என்ற பதவியே இருக்கவில்லை. முதன்மைப் பேச்சாளர்களே இருந்தனர். தனிமனிதரை நம்பி இயக்கம் நிற்கலாகாது என்ற அவ்வெச்சரிக்கை இன்றும் பொருளுடையது. ஆதலால் என் ஆதரவு, ஆற்றையும் அடுப்பையும் ஒன்றாய்க் காணும் கொள்கைக்கே உரியது. அதனை அவர் கைவிடுவாராயின், அளித்த வாக்கை அடுத்த தேர்தலில் மீட்டுக்கொள்வதே உறுப்பினரின் கடன்.