சுவரில் விளையும் உப்பு

வேதாரண்யம் பக்கத்தில் ஒரு வீட்டின் வயதை அறியப் பத்திரம் பார்க்க வேண்டியதில்லை. உள்சுவரைப் பார்த்தால் போதும். புது வீட்டில் ஓதம் கணுக்கால் அளவு நிற்கும். பத்து ஆண்டு கடந்தால் முழங்கால். எங்கள் வீட்டிலோ இடுப்பு வரை ஏறியிருந்தது. 1930-இல் இராஜாஜி தலைமையில் உப்பு அள்ளிய மண் அல்லவா? எங்கள் சுவர் மட்டும் அந்தப் போராட்டத்தை இன்னும் கைவிடவில்லை என்று நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வேன். ஐப்பசி பிறந்துவிட்டால் வேடிக்கை நின்றுவிடும்.

என் பெற்றோர் உப்பளத் தொழிலாளர்கள். மழை தொடங்கினால் அவர்களுக்கு வேலை இல்லை. கையில் காசு வற்றும் அதே மாதங்களில்தான் சுவரில் நீர் ஊறும். காரை பொரிந்து உதிரும். அலமாரிக்குப் பின்னால் கரும்பச்சையாகப் பூஞ்சணம் படரும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். என் மதிப்பெண் பட்டியலையும் அது விட்டுவைக்கவில்லை. அதைத் துடைத்துக்கொள்ளலாம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தங்கைக்கு இரவில் இளைப்பு வரும்போது என்ன செய்வது? ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு மூச்சுத் தொல்லையும் ஆஸ்துமாவும் வரும் வாய்ப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டு நூல் கூறுகிறது. அவள் பாய் அந்தச் சுவரை ஒட்டித்தான் விரிக்கப்படும்.

பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தோம். ஈரம் காயாத சுவரில் அடித்த சுண்ணாம்பு மாசி முடிவதற்குள் செதில் செதிலாக உரியும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து போன பிறகு, ஒரு கொத்தனாரின் யோசனைப்படி கடன் வாங்கி, சுவரின் அடிப்பகுதிக்கு உள்ளும் புறமும் சிமெண்டு பூசினோம். இரண்டு ஆண்டுகள் சுவர் மாப்பிள்ளைபோல் நின்றது. பிறகு சிமெண்டுக்கு மேலே, முன்பு எட்டாத உயரத்தில் ஓதம் தலை காட்டியது.

இதன் காரணம் முதலாம் ஆண்டு இயற்பியல் வகுப்பில் எனக்கு விளங்கியது. அன்று நுண்புழை ஏற்றம் பாடம். ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் ஏறும். விட்டம் பத்தில் ஒன்றானால் ஏற்றம் பத்து மடங்கு, அதாவது 30 சென்டிமீட்டர். செங்கல்லிலும் கலவையிலும் உள்ள துளைகள் அதைவிட நுண்ணியவை. அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்பு அடுக்கு போடாத வீடு எங்களுடையது. நிலத்து நீர் தடையின்றி ஏறுகிறது; காற்றுப் படும் இடத்தில் ஆவியாகிறது. சிமெண்டு பூசி அந்த வழியை அடைத்தால் நீர் வேறு வழி தேடி இன்னும் மேலே போகாமல் என்ன செய்யும்? நீர் போனாலும் உப்பு சுவரிலேயே தங்கிவிடும். சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரையும். மழை இல்லாத நாளிலும் எங்கள் சுவர் வியர்ப்பது இதனால்தான்.

அன்று மாலை அப்பாவிடம் காகிதத்தில் படம் போட்டு விளக்கினேன். அவர் படத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. "இதுக்கு எதுக்குப்பா படம்? பாத்தி வரப்புல தெனம் பாக்குறதுதானே? தண்ணி கீழதான் நிக்கும், உப்பு வரப்பு மேல பூத்துக் கெடக்கும்" என்றார். பிறகு நெடுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டுகளாக வரப்பில் கண்டதை வீட்டுச் சுவரோடு அவர் சேர்த்துப் பார்த்ததில்லை. அவர் வரப்பைச் சொல்லும் வரை நானும் அதை நினைத்ததில்லை.

சென்ற பங்குனியில் வேலையைத் தொடங்கினோம். தெருவை ஒவ்வொரு முறை உயர்த்தும்போதும் எங்கள் வாசல் தாழ்ந்துகொண்டே வந்தது. வெளிச்சுவரை ஒட்டி முக்கால் அடி மண் மேடிட்டிருந்தது. அதை வெட்டி அகற்றினோம். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் சிறு வாய்க்கால் எடுத்தோம். சிமெண்டுப் பூச்சை உடைத்து எடுப்பதுதான் பெரும்பாடு. கடன் அடைத்த பூச்சு அல்லவா! ஒவ்வொரு உளி அடிக்கும் அம்மா முகம் சுளித்தார். கல்லில் பூத்த உப்பைக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். ஆகவே காய்ந்த தூரிகையால் தேய்த்து, முறத்தில் வாரி வெளியே கொட்டினோம். ஒரு மாதம் சுவரைக் காயவிட்டு, கிளிஞ்சல் சுண்ணாம்பும் ஆற்று மணலும் கலந்து பூசினோம். அந்தப் பூச்சு மூச்சு விடும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். எஞ்சிய பூஞ்சணத்தை, தங்கை பள்ளிக்குப் போன நேரத்தில், வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு ஈரத்துணியால் துடைத்தேன். உலர்ந்தபடி தட்டினால் வீடெங்கும் பறக்கும்.

ஓதம் ஒழிந்ததா என்று கேட்பீர்கள். ஒழியவில்லை. நிலத்தடி நீர் இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் இந்த மழைக்கு அது முழங்காலைத் தாண்டவில்லை. அலமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் இல்லை. தங்கையின் பாய் எதிர்ச் சுவர்ப் பக்கம் போய்விட்டது. மருந்தை நிறுத்த மருத்துவர் இன்னும் சொல்லவில்லை. இரவில் எழுந்து உட்காருவது மட்டும் குறைந்திருக்கிறது.

ஞாயிறுதோறும் அவளே ஓதத்தின் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுகிறாள். புதுச் சுவரைக் கிறுக்குகிறாளே என்று அம்மாவுக்குக் கோபம். வடகிழக்கு மூலையில் மட்டும் கோடு இரண்டடிக்கு மேல் நிற்கிறது. அங்கே பழைய சிமெண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தை வெயில் ஏறியதும் அதையும் உடைக்க வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பு அரை மூட்டை மிச்சம் இருக்கிறது.