பெண்கள் கட்டிய பள்ளிகள்: இஸ்தான்பூலில் ஒரு நாள்

இஸ்தான்பூல் நகரைப் பற்றி எமது வீடுகளில் பேச்செழுந்தால், சுல்தான் முஹம்மத் அல்பாத்திஹின் பெயர்தான் முதலில் வரும். 1453ஆம் ஆண்டில் அந்நகரை வென்ற இளம் சுல்தான் அவர். அடுத்ததாக, ஆறு மினாராக்களுடன் நிற்கும் சுல்தான் அஹ்மத் பள்ளிவாசல். எத்தனையோ வீட்டுக் கலண்டர்களில் அதன் படம் தொங்கியிருக்கிறது. அந்நகரை ஒரு நாள் முழுவதும் தனியே சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நான் அங்கு கண்டது சுல்தான்களின் நகரை மட்டுமல்ல. அவர்களுடைய தாய்மாரும் மனைவியரும் மகள்மாரும் கட்டிய நகரையும்தான்.

"தனியாகவா?" என்று சகோதரிகள் கேட்பீர்கள். லண்டனில் மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போய்த் திரும்பும் வழியில் இஸ்தான்பூலில் விமானம் மாற வேண்டியிருந்தது. "உம்மா, ஒரு நாள் தங்கிப் பார்த்துவிட்டுப் போங்கள்" என்று ஏற்பாடு செய்தவள் மகள்தான். மஹ்ரம் இன்றிப் பெண் பயணம் செய்வது பற்றி உலமாக்களிடையே ஒன்றுக்கு மேற்பட்ட கருத்துகள் இருப்பதை அறிவேன். வழியும் தங்குமிடமும் பாதுகாப்பானவையா என்று விசாரித்து, எமதூர் மௌலவி ஒருவரிடமும் கேட்டுத் தெளிந்த பின்னரே சம்மதித்தேன்.

ஸுபஹுத் தொழுகைக்கு அயாசோபியாவுக்குப் போனேன். தங்கியிருந்த இடத்திலிருந்து ஐந்து நிமிட நடை. 537ஆம் ஆண்டில் தேவாலயமாகக் கட்டி முடிக்கப்பட்ட கட்டடம் அது. 1453இல் பள்ளிவாசலாகி, 1930களில் அரும்பொருட்காட்சியகமாக மாற்றப்பட்டு, 2020ஆம் ஆண்டு ஜூலையில் மீண்டும் பள்ளிவாசலாயிற்று. 2024 ஜனவரி முதல் வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் கட்டணம் செலுத்தி மேல்மாடத்துக்குச் செல்கிறார்கள். தொழ வருவோருக்குக் கீழ்த்தளம். அவர்களுக்குக் கட்டணம் இல்லை. பெண்களுக்கென ஒதுக்கிய பகுதியில், தலையில் பூப்போட்ட ருமாலைக் கட்டிய மூதாட்டி ஒருவர் சற்று நகர்ந்து எனக்கு இடம் தந்தார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. "ஸலாம்" என்ற சொல் போதுமாயிருந்தது.

பொழுது நன்றாக விடிந்ததும் வெளியே வந்தேன். அயாசோபியாவுக்கும் சுல்தான் அஹ்மத் பள்ளிக்கும் நடுவே சிறு குவிமாடங்கள் கொண்ட நீண்ட கட்டடம் ஒன்று இருக்கிறது. அது ஹுர்ரம் சுல்தானின் பெயரால் 1556இல் கட்டப்பட்ட பொதுக் குளியலகம். அடிமையாக அரண்மனைக்குக் கொண்டுவரப்பட்டு, சுல்தான் சுலைமானின் மனைவியானவர் ஹுர்ரம். இதே நகரில் அவர் பள்ளிவாசலும் மத்ரஸாவும் ஏழைகளுக்கான சமையற்கூடமும் வைத்தியசாலையும் அமைத்தார். கட்டியவர் பேர்போன சிற்பி சினான். கட்ட வைத்தவர் ஒரு பெண்.

அங்கிருந்து ட்ராம் வண்டியில் எமினொனு துறைமுகத்துக்கு இறங்கினேன். ட்ராமுக்கும் படகுக்கும் ஒரே அட்டைதான். முன்கூட்டிப் பணம் போட்டுக்கொண்டால் எவரிடமும் டிக்கட் கேட்டு நிற்க வேண்டியதில்லை. தனியே போகும் பெண்ணுக்கு இது பெரிய ஆறுதல். கடைவீதியில் துருக்கித் தொப்பிகளைச் சிவப்புக் கோபுரம் போல அடுக்கி வைத்திருந்தார்கள். 1905ஆம் ஆண்டில், சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் அந்தத் தொப்பியுடன் உயர்நீதிமன்றத்தில் வாதாடத் தடை வந்தபோது, இலங்கை முஸ்லிம்கள் மருதானைப் பள்ளி மைதானத்தில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். துருக்கியிலோ 1925இல் சட்டத்தினாலேயே அது ஒழிக்கப்பட்டது. இப்போது உல்லாசப் பயணிகள் படம் எடுப்பதற்காக வாங்குகிறார்கள்.

எமினொனுவில் கடலைப் பார்த்து நிற்பது புதிய பள்ளிவாசல். பெயர்தான் புதியது. 1597இல் ஸபிய்யா சுல்தான் என்ற சுல்தானின் தாய் அதன் வேலையை ஆரம்பித்தார். 1603இல் மகன் இறந்ததும் அவருடைய செல்வாக்குப் போயிற்று. வேலையும் நின்றது. அரைகுறைச் சுவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் அப்படியே கிடந்தன. 1660இல் ஏற்பட்ட பெரும் தீக்குப் பின்னர் துர்ஹான் சுல்தான் என்ற மற்றொரு தாய் அந்த வேலையைக் கையிலெடுத்து முடித்து வைத்தார். ஒரு பெண் விட்டுச் சென்றதை இன்னொரு பெண் நிறைவேற்றினாள்.

பள்ளியைக் கட்டினால் போதுமா? விளக்குக்கு எண்ணெய் வேண்டும், இமாமுக்குச் சம்பளம் வேண்டும். அதற்காகப் பக்கத்திலேயே ஒரு சந்தையும் கட்டப்பட்டது. அதுதான் மிஸ்ர் சந்தை. அதன் கடை வாடகை பள்ளியின் செலவுக்கு. ஏலம், கராம்பு, குங்குமப்பூ குவியல்களுக்கிடையே எமது கறுவாப்பட்டையும் இருந்தது. கடைக்காரர் நான் எந்த ஊர் என்று கேட்டார். "ஸ்ரீலங்கா" என்றேன். விளங்கவில்லை. "ஸெய்லான்" என்றதும் முகம் மலர்ந்தது. "ஸெய்லான் சாய்!" என்று தேயிலைப் பெட்டியைச் சுட்டிக் காட்டினார்.

ளுஹருக்கு அந்தப் பள்ளியினுள் நுழைந்தேன். பெண்களுக்கு வுழூச் செய்யத் தனியிடம், தனி வாசல், சப்பாத்து வைக்கத் தட்டு எல்லாம் இருந்தன. ஜமாஅத் முடிந்த பின்னர், பிரயாணி என்பதால் ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதேன். ருகூஉவுக்குப் போகும்போது நான் கைகளை உயர்த்தியதைப் பக்கத்தில் இருந்த அம்மையார் கவனித்திருக்கிறார். ஸலாம் கொடுத்ததும், "ஷாபிஈ?" என்றார். தலையசைத்தேன். "ஹனபி" என்று தம் நெஞ்சைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். பையிலிருந்து இரண்டு பேரீத்தம்பழங்களை எடுத்து என் கையில் வைத்தார். மத்ஹபு பேசிச் சண்டையிடுவோருக்கு இந்தக் காட்சியைக் காட்ட வேண்டும் போலிருந்தது.

பின்னர் படகேறி ஆசியக் கரையிலுள்ள உஸ்குதாருக்குச் சென்றேன். சுமார் இருபது நிமிடப் பயணம். படகு கரையை அணுகும்போதே தெரிவது மிஹ்ரிமா சுல்தான் பள்ளிவாசல். சுலைமானின் மகளுக்காக 1548இல் சினான் கட்டியது. சற்றுத் தள்ளி மற்றொரு சுல்தானின் தாயான குல்னூஷ் சுல்தானின் நினைவாக 1710 அளவில் முடிக்கப்பட்ட பள்ளி. அதன் வெளிச்சுவரில், பறவைகள் குடியிருக்கக் கல்லிலேயே சிறு மாளிகைகள் செதுக்கியிருக்கிறார்கள். சிட்டுக்குருவிக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்களே என்று நெடுநேரம் பார்த்து நின்றேன்.

அங்கேதான் என் மனம் ஊருக்குத் திரும்பியது. கண்டியிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ கொழும்புக்கு வைத்தியரைப் பார்க்க வரும் ஒரு முஸ்லிம் பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஸுபஹுக்கு வீட்டை விட்டால் இரவில்தான் திரும்புவாள். வழியெல்லாம் பள்ளிவாசல்கள். அவளுடைய மகனும் கணவனும் இறங்கித் தொழுதுவிட்டு வருவார்கள். அவளோ பல ஊர்களில் வானுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாள். பெண்களுக்கு இடமுள்ள பள்ளிகள் இப்போது கூடியிருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் இல்லாத இடங்கள் இன்னும் உள்ளன. எங்களூரில் பஸ் பாதையை ஒட்டிய பள்ளியும் அவற்றில் ஒன்று.

"பெண்ணுக்கு வீட்டில் தொழுவதே சிறப்பு" என்பார்கள். உண்மை. அதை மறுக்கவில்லை. ஆனால் பாதையில் நிற்பவளுக்கு வீடு எங்கே இருக்கிறது? அல்லாஹ்வின் அடிமைப் பெண்களை அவனுடைய பள்ளிகளை விட்டும் தடுக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்ததும் நாமறிந்த ஹதீஸ்தானே.

இஸ்தான்பூலிலும் எல்லாம் நிறைவென்று சொல்லமாட்டேன். சில பள்ளிகளில் பெண்களின் இடம் பின்மூலையில், தடுப்புக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடக்கிறது. ஆனால் 'இல்லை' என்று எவரும் என்னைத் திருப்பி அனுப்பவில்லை.

அரசிகளிடம் கஜானா இருந்தது, எம்மிடம் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். 1546ஆம் ஆண்டின் இஸ்தான்பூல் வக்புப் பதிவேட்டில் பெயருள்ளவர்களில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் பெண்கள். அவர்கள் எல்லோரும் அரண்மனைப் பெண்கள் அல்லர். ஒரு வீடு, ஒரு கடை, கொஞ்சம் பணம் என்று தம்மிடம் இருந்ததை எழுதி வைத்தவர்கள். தன் சொத்தைத் தானே ஆளும் உரிமையை மார்க்கம் கொடுத்ததால் அது முடிந்தது. அந்த உரிமை எமக்கும் இருக்கிறது. மஹரும் வாரிசுப் பங்கும் எம்முடையவை. தங்கமும் தென்னங்காணியும் எம்மில் பலரிடம் உண்டு.

ஒரு சிறிய அறை, நான்கு தண்ணீர்க் குழாய்கள், ஒரு கழிப்பிடம், தனி வாசல், சில பாய்கள். இவ்வளவுதான் தேவை. ஊர் திரும்பிய பின், எங்களில் ஒன்பது பெண்கள் கையொப்பமிட்டுப் பள்ளி நிர்வாகத்தினருக்கு மரியாதையாக ஒரு கடிதம் கொடுத்தோம். செலவை நாங்களே பொறுப்பேற்கிறோம், இடத்தை மட்டும் தாருங்கள் என்று எழுதினோம். என் பங்குக்கு ஒரு சோடிக் காப்பை ஒதுக்கி வைத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. மறுப்பும் வரவில்லை.

சகோதரிகளே, எங்களுக்காகத் துஆச் செய்யுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் பிரயாணிப் பெண்ணுக்கு இடம் இருக்கிறதா என்பதையும் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். இல்லையென்றால் நீங்களும் ஒரு கடிதம் எழுதுங்கள். ஸபிய்யா தொடங்கியதைத் துர்ஹான் முடித்தார். நாம் தொடங்குவதை எம் பேத்திமார் முடிக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.