பூஸ்டர் வாங்கும் முன் ஒரு நிமிடம்

பெங்களூருவில் எங்கள் அடுக்ககத்தில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடினால் போதும், ஊரிலிருந்து பேசும் அம்மாவின் முகம் வீடியோ காலில் அப்படியே உறைந்துவிடும். காரணம் எளிது. அடுப்பு இயங்குவது 2.45 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். பழைய வைஃபையும் புளூடூத்தும் அதே இடத்தில்தான் இருக்கின்றன.

இந்த அலைவரிசைக்கு 2005-இல் மத்திய அரசு உரிம விலக்கு அளித்தது. ஆனால் நிபந்தனை உண்டு: நம் கருவி பிறருக்கு இடையூறு செய்யக் கூடாது, பிறரால் நமக்கு வரும் இடையூறுக்குப் பாதுகாப்பும் கோர முடியாது. ஊர்ப் பொதுக்குளம் மாதிரி. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ரவுட்டரை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன், அம்மா தெளிவாகத் தெரிகிறார்.

என் கவலை வைஃபை பற்றியதல்ல, மொபைல் சிக்னல் பூஸ்டர் பற்றியது. டவர் கிடைக்கவில்லை என்று ஆன்லைனில் வாங்கி மொட்டை மாடியில் மாட்டிவிடுகிறார்கள். அது கிளப்பும் இரைச்சலில், அருகிலுள்ள டவருக்கு மற்றவர்களின் போன் பேசுவது கேட்காமல் போகலாம். அந்த நேரத்தில் யாரோ ஆம்புலன்ஸை அழைத்துக்கொண்டிருக்கலாம். அனுமதியின்றி பூஸ்டரை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம்.

உங்கள் மாடியில் அப்படி ஒன்று இருந்தால், தயவுசெய்து இன்றே கழற்றிவிடுங்கள்.