காலிமனை வரி

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பதனிட்ட தோலுக்கு விலை சதுர அடிக் கணக்குத்தான். அளக்கிற மெஷினில் கால் அடி கூடக் குறைய வந்தால் விற்றவரும் வாங்கியவரும் மல்லுக்கு நிற்பார்கள். டேனரி டிஸ்பாட்ச்சில் இருந்த காலத்தில் அந்தச் சண்டைகளை நிறையப் பார்த்தாயிற்று.

இப்போது என் அண்ணன் மகன் அந்த அளவைப் பதிந்து வைக்கிற சின்னக் கருவி ஒன்று செய்கிறான். அதிலுள்ள எஸ்டிஎம்32 சிப்பில் மொத்த நினைவகமே 20,480 பைட். செல்போன் போட்டோ ஒன்றுகூட அடங்காது! ஒரு தோலுக்கு அடி அளவு 4 பைட்; செலக்‌ஷன், நிறம், கனம், மேஜை எண் தலா 1. ஆக 8. கம்ப்யூட்டரோ 12 எடுத்துக்கொண்டது.

"மீதி நாலு எங்கப்பா போச்சு?" என்றேன்.

"சதுர அடியா, டெசிமீட்டரான்னு சொல்ல ஒரு கிளாஸ் வச்சிருக்கேன் சித்தப்பா. உள்ளே டேட்டா எதுவும் கிடையாது."

ஆனால் சி++ மொழியில் காலி கிளாஸுக்கும் தனி முகவரி வேண்டுமாம். அதற்கு 1 பைட். நம் நகராட்சியில் காலிமனைக்கும் வரி கட்டுகிறோமே, அப்படி. 9 ஆனதும், நான்கின் மடங்காக்க 12. லாட்டுக்கு 1,500 தோல் என்றால் 12,000 பைட்டுக்குப் பதில் 18,000. டிஸ்பிளேவுக்கும் மற்றதற்கும் என்ன மிஞ்சும்?

சி++20-இல் இதற்கு 'நோ யுனிக் அட்ரஸ்' என்று ஒரு குறிப்பு வந்திருக்கிறது. அந்த உறுப்புக்கு முன்னால் எழுதிவிட்டால் கம்பைலர் தனி இடம் ஒதுக்காமல் விடலாம். சிப்புக்கான ஜிசிசி கம்பைலரில் 8 ஆகிவிட்டது. ஒரே வகைக் காலி கிளாஸ் இரண்டு வைத்தால் மட்டும் இரண்டுக்கும் வேறு வேறு முகவரி வேண்டும்.

வில்லங்கம் ஆபீஸ் கம்ப்யூட்டரில். மைக்ரோசாஃப்ட் கம்பைலர், பழைய புரோகிராம்களோடு ஒத்துப்போக வேண்டும் என்று, இந்தக் குறிப்பைக் கண்டுகொள்வதில்லை. 'எம்எஸ்விசி' என்ற முன்னொட்டோடு எழுதினால்தான் கேட்கும். விட்டுவிட்டால் அங்கே 12, இங்கே 8. பைட்டுகளை அப்படியே வாங்கிப் படித்தால் முதல் தோல் சரியாக வரும். இரண்டாவது தோலின் செலக்‌ஷனும் நிறமும் சேர்ந்து அடி அளவாக உட்கார்ந்துகொள்ளும். அதில் பில் போட்டால் என்ன ஆகும் என்று டேனரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

கம்பைலரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற மேக்ரோ ஒன்று எழுதினான். அளவு 8 இல்லையென்றால் கம்பைல் ஆகவே கூடாது என்று ஒரு 'ஸ்டாட்டிக் அசெர்ட்' வரியும் சேர்த்தான். எனக்கு அதுவும் போதவில்லை. அனுப்பும்போது ஒவ்வொரு விவரத்தையும் தனித்தனியாக எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முனகிக்கொண்டே மாற்றிக்கொண்டிருக்கிறான்.