கிட்னிக்குப் போகும் குழாய் சுருங்கினால்...

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை என்றதும் பலருக்கும் தோன்றுவது ஒரே கேள்விதான். "புதுக் கிட்னியை உடம்பு ஏற்றுக்கொள்ளுமா?" 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் டாக்டர் ஜோசப் மர்ரே முதல் வெற்றியைக் கண்டபோது இந்தச் சிக்கல் எழவில்லை. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே மாதிரி இரட்டையர்கள். பிறகு மருந்துகள் வந்தன, மற்றவர்களுக்கும் வழி பிறந்தது. வேலூர் சி.எம்.சி.யில் 1971-ல் இது வெற்றிகரமாக நடந்தது.

ஆனால் உடம்பு ஏற்றுக்கொண்ட பிறகும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அதுதான் ரத்தக் குழாய் சுருக்கம்.

புதுக் கிட்னியைப் பழையது இருக்கும் முதுகுப் பக்கம் வைப்பதில்லை. அடிவயிற்றின் ஓரத்தில் வைத்து, இடுப்பு வழியாகப் போகும் தமனியோடு அதன் தமனியைத் தைக்கிறார்கள். அந்தத் தையலிலோ, அதை ஒட்டியோ குழாய் சுருங்கலாம். பெரும்பாலும் 3 மாதம் முதல் 2 வருடத்துக்குள் இது தெரியவரும்.

சுருங்கினால் என்ன ஆகும்? கிட்னிக்கு வரும் ரத்தம் குறையும். உடம்பு முழுவதும் பிரஷர் இறங்கிவிட்டதாக அது ஏமாந்துபோய் ரெனினைச் சுரக்கும். விளைவு, மாத்திரைக்கு அடங்காத பிரஷர். கிரியாட்டினினும் ஏறலாம். இங்கேதான் சிக்கல்! உடம்பு கிட்னியை நிராகரித்தாலும் கிரியாட்டினின் ஏறும். அதற்கு வைத்தியம் மருந்து. இதற்கோ குழாயை விரிக்க வேண்டும். உள்ளே பார்க்காமல் முடிவெடுக்க முடியாது.

சரி, எப்படிப் பார்ப்பது?

முதலில் டாப்ளர் ஸ்கேன். தோட்டத்து ஹோஸ் பைப்பின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறதே, அதே கதைதான். சுருங்கிய இடத்தில் ரத்தம் வேகமெடுக்கும். வேகம் விநாடிக்கு சுமார் 250 செ.மீ.யைத் தாண்டினால் சந்தேகப்படுவார்கள். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, செலவும் குறைவு. குறை ஒன்றுதான்: எடுப்பவரின் கைத்திறமையைப் பொறுத்தது.

அடுத்தது சி.டி. ஆஞ்சியோகிராம். குழாயின் வரைபடமே கிடைத்துவிடும். ஆனால் ஊசியில் ஏற்றும் அயோடின் மருந்து பலவீனமான கிட்னியைப் பாதிக்கக்கூடும். எம்.ஆர். ஆஞ்சியோகிராமில் கதிர்வீச்சு இல்லை. அதில் பயன்படும் கடோலினியத்துக்கும், கிட்னி மிகவும் பழுதானவர்களுக்குத் தோல் இறுகும் ஒரு நோய்க்கும் தொடர்பு இருப்பது 2006-ல் தெரியவந்தது. புதிய வகைகளில் அந்த ஆபத்து மிகக் குறைவு. மருந்தே ஏற்றாமல் எடுக்கும் முறையும் உண்டு.

கடைசியில் கதீட்டர் ஆஞ்சியோகிராம். தமனிக்குள் மெல்லிய குழாயைச் செலுத்திப் பார்ப்பது. தீர்ப்பு சொல்வது இதுதான். அதே மேஜையில் பலூனால் விரித்து ஸ்டென்ட்டும் வைத்துவிடலாம். அயோடினைக் குறைக்க கார்பன்-டை-ஆக்சைடு வாயுவைப் பயன்படுத்துவதும் உண்டு. ஆனாலும் ரத்தக்கசிவு, குழாயில் காயம் என்று இதற்கும் ஒரு விலை இருக்கிறது.

நன்றாகக் காட்டும் பரிசோதனையை ஏன் முதலிலேயே செய்வதில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். வரவு செலவுக் கணக்கு மாதிரிதான். யாரோ கொடுத்த ஒற்றைக் கிட்னிதான் அங்கே முதல். முதலையே கரைக்கும் செலவைக் கடைசியில்தான் செய்ய வேண்டும்.

அதனால் மாற்றுக் கிட்னியோடு வாழ்பவருக்கு பிரஷர் மாத்திரை கூடிக்கொண்டே போகிறதா? "ஒரு டாப்ளர் பார்க்கலாமா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. நேரத்தோடு கண்டுபிடித்தால் சரிசெய்யக்கூடிய கோளாறு இது.