இயலும் என்னும் எண்ணம்

"எனக்கென்ன தெரியும்!" என்று முதியோர் சொன்னால் அதனைப் பணிவென்று எண்ணிக் கடந்துவிடுகிறோம். பணிவன்று, பெரும்பாலும் அது நாம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம்.

2021ஆம் ஆண்டில், பெருந்தொற்றுக் காலத்தில், கடைக்குள் நுழைய மைசெஜாத்தெரா செயலியில் பதிய வேண்டியிருந்தது. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் துணிக்கடை வாயிலில் ஒரு மூதாட்டி கைப்பேசியை எடுத்தார். உடனே பேரன், "குடுங்க பாட்டி, உங்களுக்கு வராது" என்று வாங்கித் தானே பதிந்துவிட்டான். அன்புதான்; ஐயமில்லை. வரிசையில் நிற்கையில் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இளமையில் தோட்டத்தில் பால்மரம் சீவியவராம். விடியுமுன் எழுந்து, உள்மரத்தில் காயம் படாமல் பட்டையை மட்டும் மெல்லிதாகச் சீவ வேண்டும். அதுவும் நாளொன்றுக்கு 400, 500 மரங்கள்! அத்தகைய கை, ஒரு கண்ணாடித் திரையைத் தொட அஞ்சுவதேன்?

ஆசிரியர் பயிற்சியில் ஆல்பர்ட் பண்டூரா என்னும் உளவியல் அறிஞரைப் படித்திருக்கிறோம். 1977இல் அவர் இதற்கு விளக்கம் தந்தார். தன்னால் இயலும் என்னும் எண்ணம் மனிதனுக்குப் பொதுவாக அமைவதன்று; செயலுக்குச் செயல் வேறுபடும். மரம் சீவியதில் பெற்ற உறுதி கைப்பேசிக்குத் தானாக வந்து சேராது. தானே செய்து பெறும் வெற்றி, தன்னையொத்தவர் செய்யக் காண்பது, பிறர் கூறும் ஊக்கம், உடலும் உள்ளமும் இருக்கும் நிலை ஆகிய நான்கிலிருந்தும் அது பிறக்கிறது. முதலாவதே வலிமை மிக்கது. பேரன் பறித்ததும் அதனையே.

வகுப்பில் மாணவனின் கணக்கை நாம் போட்டுக் கொடுப்பதில்லை. வீட்டிலோ பெற்றோரின் கணக்கை முந்திக்கொண்டு போட்டுவிடுகிறோம்!

பிரிக்பீல்ட்ஸில் எனக்குத் தெரிந்த, இரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், மகன் பலமுறை விளக்கியும் செய்தி அனுப்பக் கற்கவில்லை. மகன் விரைவாகச் சொல்வான். இவர் விரல் நடுங்கும். நடுக்கத்தையே இயலாமை என்று கொண்டுவிட்டார். பிறகு, அதே அடுக்கக மாடியில் வாழும், அவரினும் இரண்டாண்டு மூத்த நண்பர் அருகமர்ந்தார். முதலில் எழுத்தைப் பெரிதாக்கினார். பாதித் தொல்லை அதிலேயே தீர்ந்தது. பின்னர்த் தம் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு, "நான் செய்வதைப் பாருங்கள், அப்புறம் நீங்கள்" என்றார். தவறாக அழுத்தியபோதும் அவர் கை நீளவில்லை.

அன்று மாலை ஈப்போவிலிருந்த மகளுக்கு ஒரு செய்தி போயிற்று: "சாப்பிட்டாயா?" கேள்விக்குறியைத் தேடவே பத்து நிமிடம் ஆயிற்றாம். மகள் உடனே அழைத்து, "யாருப்பா அனுப்பித் தந்தது?" என்று கேட்டாளாம். "நான்தான்" என்றாராம், சற்றே கோபத்தோடு.